தபசு காலமும் தாழ்மையும்: மன்னிப்பு யாரிடம் கேட்பது?

கிறிஸ்தவத் தோழர்கள் வருஷந்தோறும் மாசி, பங்குனி வாக்கில் 40 நாட்களைத் துக்கம் காப்பதுபோல் காத்து வருகிறார்கள். கத்தோலிக்கர் இதைத் தபசு காலம் என்பார்கள். சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பார்கள். கத்தோலிக்கர் விபூதிப் புதன் என்ற ஒரு புதன்கிழமையில் ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளி, 40 நாள் எண்ணி ஈஸ்டர் பண்டிகையில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். முந்தின வருஷம் குருத்தோலை ஞாயிறன்று ஊர்வலத்தில் பிடித்த ஓலைகளை எரித்து, அந்தச் சாம்பலைச் சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் இட்டு, மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போவான் என்பதை ஞாபகப்படுத்துவார். அன்று முதல் ஒருசந்தி, சுத்தபோசனம், சிலுவைப்பாதை, பாவசங்கீர்த்தனம் என்று அடுக்கடுக்காய் நடக்கும். மனஸ்தாபமும் மனத்தாழ்மையும் இல்லாவிட்டால் இவை ஒன்றும் செல்லாது என்று பிரசங்க மேடை தவறாமல் சொல்லும்.

(நெற்றியில் சாம்பல் பூசும் சைவனை அஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அதே சாம்பலை அதே நெற்றியில் பூசி அதற்கு விபூதி என்றே பேரும் வைத்துக்கொண்டதைப் பற்றி நாம் இங்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை.)

நாம் இதைப் பற்றி எழுதுவதில் இரண்டு கூட்டத்தாருக்கு இரண்டு விதமான எண்ணம் வரும். ஒரு கூட்டத்தார், "இதுவரை இந்து மதத்தைத்தானே திட்டிக்கொண்டிருந்தீர்கள், எங்கள் மேல் ஏன் பாய்கிறீர்கள்?" என்று வருத்தப்படுவார்கள். இன்னொரு கூட்டத்தாரான சனாதனிகள், "நன்றாய்க் கொடுங்கள் அவர்களுக்கு" என்று உள்ளுக்குள் குதூகலப்படுவார்கள். முந்தியவர்களுக்கு நாம் சொல்வது, உங்களிடம் நமக்கு விரோதமில்லை, உங்கள் கோயிலுக்குள் இருக்கும் ஒரு சுவரிடந்தான் விரோதம் என்பது. பிந்தியவர்களுக்குச் சொல்வது, அந்தச் சுவருக்குச் செங்கல் அறுத்துக் கொடுத்ததே உங்கள் வருணாசிரமம் என்பது. 12 வருஷப் பாவத்தைக் கும்பகோணத்து மகாமகக் குளத்தில் ஒரே முழுக்கில் கரைத்துவிட்டு, ஈரத் துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டு மறுநாளே பழைய வட்டிக் கணக்கைப் பிரிக்கிறவர்களுக்கு, பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை கிடையாது.

மனிதன் தான் செய்த தப்பை நினைத்து வெட்கப்படுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஒருவன் வருஷத்தில் சில நாளாவது ஒதுக்கி, "போன வருஷம் யாருக்கு என்ன கெடுதி செய்தோம்?" என்று கணக்குப் பார்ப்பது யோக்கியமான காரியந்தான். பார்க்கப்போனால் கடவுள் இல்லை என்று சொல்லுகிற நமக்கு அது இன்னும் அதிகமாய் வேண்டும், ஏனெனில் நம்மை மன்னிக்க வானத்தில் ஆள் கிடையாது. நம் கூட்டங்களில் பெண் விடுதலையைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு ஆறிப்போயிற்று என்று பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் இல்லையென்று நாம் சத்தியம் செய்யத் தயாராயில்லை. அவர்களுக்கும் ஒரு தபசு காலம் வேண்டியதுதான்.

நமது கேள்வி வேறு. ஒருவன் இன்னொருவனுக்குக் கெடுதி செய்துவிட்டால் மன்னிப்பை யாரிடம் கேட்க வேண்டும் என்பதே அது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பிரசாரக் கூட்டத்துக்காகக் காவிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தோம். போன தினம் விபூதிப் புதனாயிருந்தது நமக்கு முன்னால் தெரியாது. டீக்கடை விசுப்பலகையில் ஒரு கிழவர் நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருந்தார். டீ வேண்டாம் என்றார். ஒருசந்தியாம். அறுபதுக்கு மேல் வயதிருக்கும். அவர்கள் சபைச் சட்டப்படியே 59 வயது முடிந்தவர்களுக்குப் பட்டினிக் கட்டாயம் கிடையாது. அதை நாம் சொன்னபோது, "அது தெரியாதுங்க. சின்ன வயசிலேர்ந்து இருக்கறதுதான்" என்றார். பேச்சு வளர்ந்தது. பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்றா என்று கேட்டோம். ஆயிற்று என்றார். உங்கள் வயதில் அப்படி என்ன பாவம் என்று விளையாட்டாய்க் கேட்டோம். அவர் விளையாட்டாய் எடுத்துக்கொள்ளவில்லை. பண்ணையில் வாங்கிய நெல்லைக் காலத்தில் அளக்கவில்லை என்றும், கணக்கில் இரண்டு மரக்கால் கூடச் சேர்த்திருக்கிறதே என்று பண்ணைக்காரரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டதாகவும், அந்தக் கோபத்தைத்தான் பாவமென்று சொன்னதாகவும் சொன்னார். பண்ணைக்காரரும் அதே கோயிலைச் சேர்ந்தவர். முன்வரிசையில் உட்காருகிறவர். அவரும் காலையில் வந்து விபூதி வாங்கிக்கொண்டாராம்.

"அவர் அந்த இரண்டு மரக்காலைச் சொல்லியிருப்பாரா?" என்று கேட்டோம்.

"அது அவருக்கும் சாமிக்கும் உள்ள சங்கதிங்களே" என்றார் கிழவர்.

தோழர்களே! இந்தத் தபசு காலத்தின் முழு யோக்கியதையும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறதா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மரக்கால் நெல் இழந்தவன் கிழவன். அதை எடுத்தவன் பண்ணைக்காரன். நெல்லுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் மரத்தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, எடுத்தவனையும் மன்னித்தார், இழந்தவனையும் மன்னித்தார். இருவரும் லேசான மனத்தோடு வெளியே வந்தார்கள். நெல் மாத்திரம் இருந்த இடத்தில் இருக்கிறது. கோர்ட்டிலே இப்படி ஒரு தீர்ப்பு வந்தால், ஜட்ஜு லஞ்சம் வாங்கிவிட்டான் என்று ஊரே சொல்லும். கோயிலில் வந்தால் அதற்குத் தெய்வ கிருபை என்று பேர்.

இதற்குச் சமாதானமாக, "திருடின பொருளைத் திருப்பிக் கொடுத்தால்தான் பாவமன்னிப்புச் செல்லும் என்பது எங்கள் ஞான உபதேசம்" என்று படித்த கிறிஸ்தவர்கள் சொல்லுவார்கள். வாஸ்தவம், அப்படி எழுதித்தான் இருக்கிறது. அவர்களது வேதபுஸ்தகத்தை நாமும் படித்திருக்கிறோம். காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன் மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையைப் பீடத்தண்டையிலேயே போட்டுவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்று அதில் ஏசு சொல்லுகிறார். சகேயு என்ற வரிவசூல்காரன் மனந்திரும்பினபோது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்று கணக்குச் சொன்னான். உபவாசம் இருக்கிறவன் வாடின முகத்தோடு ஊருக்குக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு நடமாட வேண்டும் என்றும் அதே புஸ்தகம் சொல்லுகிறது. இந்தக் கடைசிப் பாகத்தைத்தான் விபூதிப் புதன் பூசையில் வாசித்துவிட்டு உடனே முகத்தில் சாம்பலைப் பூசி அனுப்புகிறார்கள்! நாம் அந்தப் புஸ்தகத்தைத் தெய்வ வாக்கென்று நம்புகிறவர்கள் அல்ல. நம்புகிறவர்கள் அதைப் படித்து என்ன செய்தார்கள் என்பதே பிரஸ்தாபம்.

ஆதிகாலத்துச் சபைகளில் பெரிய குற்றம் செய்தவன் ஊரறிய வெளியே நிற்க வேண்டும். தபசு காலம் முழுவதும் ஒதுங்கியிருந்து, பெரிய வியாழக்கிழமையன்று எல்லார் முன்னிலையிலும் திரும்பச் சேர்க்கப்படுவான். கொடுமையான முறைதான். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது, அதாவது பகிரங்கத்தில் செய்த தப்புக்குப் பகிரங்கத்தில் தலைகுனிய வேண்டியிருந்தது. போகப்போக அது சாமியார் காதுக்குள் சொல்லும் இரகசியமாயிற்று. இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் பட்டினி என்று, வைத்தியன் கைமருந்து ஏடு போல அட்டவணைப் புஸ்தகங்கள் உண்டாயின. பட்டினிக்குப் பதில் ஜெபம், ஜெபத்துக்குப் பதில் காசு என்று மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. 1215-ல் ரோமாபுரியில் கூடிய லாத்தரான் சங்கம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொருவனும் பாவசங்கீர்த்தனம் செய்தே தீர வேண்டும் என்று சட்டமாக்கிற்று. ஊரிலுள்ள இரகசியமெல்லாம் வருஷத்துக்கொருமுறை ஒரே காதில் போய்ச் சேரும்படி ஏற்பாடாயிற்று. எந்த சர்க்காருக்கும் இப்படிப்பட்ட சி.ஐ.டி. இலாகா வாய்த்ததில்லை.

இதில் வெண்ணெய்க் கதை ஒன்று உண்டு. அந்நாளில் தபசு காலத்தில் இறைச்சி மாத்திரமல்ல, வெண்ணெயும் ஆகாது. ஒலிவ எண்ணெய் விளைகிற தெற்கத்தி நாடுகளுக்கு இதனால் நஷ்டமில்லை. எண்ணெய் விளையாத வடக்கத்தி நாட்டு ஜனங்கள் என்ன செய்வார்கள்? காசு கட்டினால் வெண்ணெய் சாப்பிடலாம் என்று அனுமதி பிறந்தது. பிரான்சு தேசத்து ரூவான் நகரத்துப் பெரிய கோயிலில் வானளாவ ஒரு கோபுரம் இருக்கிறது. 15-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்து 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்தார்கள். வெண்ணெய் அனுமதிப் பணம் அதற்குப் போனபடியால் இன்றைக்கும் அதற்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பேர். வெண்ணெய் தின்பது பாவமானால் காசு கட்டினவனுக்கு எப்படிப் பாவமில்லாமற் போகும்? பாவமில்லையானால் காசு கட்ட முடியாத ஏழை எதற்காக 40 நாள் காய்ந்த ரொட்டியைத் தின்றான்? இதைக் கேட்க ஆள் இல்லாமல் கோபுரம் எழும்பி நின்றுவிட்டது.

கேட்க ஆள் வந்ததும் அந்த நூற்றாண்டிலேதான். 1522-ல் சுவிட்சர்லாந்தில் சூரிச் பட்டணத்து அச்சுக்கூடக்காரர் பிரோஷவர் என்பவர் வீட்டில் தபசு காலத்திலேயே வெட்டவெளிச்சமாய்க் கொத்திறைச்சி தின்றார்கள். பாதிரியார் ஸ்விங்லி என்பவர் அங்கே இருந்தார், தாம் தின்னவில்லை, ஆனால் தின்றது தப்பில்லை என்று பிரசங்கம் செய்தார். வழக்கு வந்தபோது அச்சுக்கூடக்காரர் சொன்ன சமாதானம் நமக்கு மெத்தப் பிடித்திருக்கிறது. சந்தைக்குள் புஸ்தகத்தை முடிக்க வேண்டி இராப்பகலாய் வேலை, வெறுங் கூழைக் குடித்துக்கொண்டு என் ஆட்களால் வேலை செய்ய முடியவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். உழைக்கிறவன் வயிற்றை முன்னிட்டுப் பேசின பேச்சு அது. (நம் பத்திரிகையை அச்சடித்துத் தரும் தோழர்கள் இதைப் படித்துவிட்டு நம்மிடம் ஏதாவது கேட்டால் அதற்கும் நாம் தயார்தான்.)

இக்காலத்தில் சட்டம் தளர்ந்துவிட்டது. 1966-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் கட்டாயப் பட்டினியை விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமாக இரண்டு நாளாய்ச் சுருக்கிவிட்டார். அவருக்கு நம் பாராட்டுதல். 40 நாளும் இருந்தே ஆகவேண்டும் என்று கடவுள் சொன்னதாய் இத்தனை நூற்றாண்டு நம்பிப் பட்டினி கிடந்தவர்களுக்கு யார் பதில் சொல்லுவார் என்பதை மாத்திரம் அவர் சொல்லவில்லை.

நிற்க. சில்லறைப் பாவங்கள் கிடக்கட்டும். சபையே செய்த பாவத்தைப் பார்ப்போம்.

1600-ம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி விபூதிப் புதன். ரோமாபுரியில் எல்லார் நெற்றியிலும் சாம்பல். மறுநாள், அதாவது தபசு காலத்தின் இரண்டாம் நாள், 17-ந் தேதி, அதே ரோமாபுரியில் கம்போ தி பியோரி என்ற சந்தைத் திடலில் ஜியோர்டானோ புரூனோ என்ற அறிஞரை உயிரோடு கொளுத்தினார்கள். உலகங்கள் எண்ணிறந்தவை, நட்சத்திரங்களெல்லாம் சூரியன்களே என்று எழுதினவர் அவர். மத விஷயங்களில் சபைக்கு விரோதமாய்ப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. முதல் நாள் பூசின சாம்பல் அழியுமுன்னே இன்னொரு சாம்பல் தயாராயிற்று. இத்தனைக்கும் அந்த வருஷம் ரோமாபுரியில் பாவ விமோசனத்துக்கென்றே ஏற்படுத்திய ஜூபிலி வருஷம். நெற்றியில் சாம்பல் இட்டவர்களில் ஒருவருக்காவது, "நாளைக்கு ஒரு மனிதனைச் சுடப்போகிறோமே, நாமா தபசு செய்கிறவர்கள்?" என்று தோன்றியிருந்தால் அதை நாம் மனஸ்தாபம் என்று ஒத்துக்கொள்ளுவோம்.

தோன்ற 400 வருஷம் ஆயிற்று. 2000-ம் வருஷத்தில் புரூனோவின் மரணத்துக்கு வத்திக்கான் வருத்தம் தெரிவித்தது. அதற்கு முன் 1992-ல், 1633-ல் தண்டிக்கப்பட்ட கலிலியோவின் விஷயத்தில் தப்பு நடந்ததாக ஒப்புக்கொண்டார்கள். 2000 மார்ச்சு 12-ந் தேதி, தபசு காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ரோமாபுரிப் பெரிய கோயிலில் நின்று, சபை மக்கள் கடந்த காலத்தில் செய்த பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். இதற்கு முந்தின போப்புகள் இவ்வளவு செய்ததில்லை. ஆகையால் அவரது துணிவை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பாருங்கள்: மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட்டது? கடவுளிடம். பாவம் யார் செய்தது? சபையின் பிள்ளைகளாம், சபை அல்லவாம். விசாரணை மன்றம் வைத்ததும் தண்டனை எழுதினதும் சபை. பாவம் மாத்திரம் பிள்ளைகளுடையது. நம் ஊரில் "மாமியார் உடைத்தால் மண்குடம்" என்று ஒரு வழக்குண்டு. இங்கே மாமியார் உடைத்த குடத்துக்கு மருமகள் பேரில் மன்னிப்புக் கேட்டாயிற்று.

ரோமாபுரி எட்டாத தூரம் என்பவர்களுக்கு நம் நாட்டுக்கே வருவோம்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் பெரிய பாவம் எது என்று எந்தக் கிறிஸ்தவனைக் கேட்டாலும் சொல்லுவான். சாதி. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, உட்கார வைத்தது தனித்தனி வரிசையில். 1833-ல் கல்கத்தா பிஷப்பாயிருந்த டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வித்தியாசம் உடனே அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களில் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் என்ன செய்தார்கள்? சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 19-ம் நூற்றாண்டில் கட்டிய கோயில் ஒரு அதிசயம். கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல் இரண்டு மண்டபம், இடையிலே தடுப்பு, இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். ஒரு மண்டபத்தில் வேளாளர் முதலியோர், மறு மண்டபத்தில் நாடார் முதலியோர். எத்தனை தபசு காலங்கள் அந்த மண்டபங்களில் கழிந்திருக்கும்! எத்தனை பேர் முழங்காலில் நின்று மார்பில் அறைந்துகொண்டிருப்பார்கள்! அந்தத் தடுப்பு அசையவில்லை. கடைசியில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் என்ற பிரெஞ்சுச் சாமியார் அதை இடித்துப்போட்டார். இடித்ததும் மேல்சாதியார் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐக்கோர்ட்டு வரைக்கும் போய்த் தோற்றார்கள்.

இருக்கிறவர்களுக்குச் சுவர் போதாதென்று செத்தவர்களுக்கும் சுவர் வைத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் பிணம் ஒரு பக்கம், மற்றவர்கள் பிணம் ஒரு பக்கம் என்று பிரித்து நடுவே சுவர் இருப்பது நம் காலத்திலேயே பத்திரிகைகளில் வந்து சந்தி சிரித்தது. மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போவான் என்று விபூதிப் புதனில் சொல்லுகிறார்களே, எந்த மண்ணுக்கு என்பதை மேஸ்திரியைக் கேட்டல்லவா தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது!

இவையெல்லாம் ஒரு பக்கம். எறையூர் ஒரு பக்கம். அதைச் சொல்லும்போது நமக்குப் பரிகாசம் வரவில்லை.

அப்போது விழுப்புரம் ஜில்லாவிலும் இப்போது கள்ளக்குறிச்சி ஜில்லாவிலும் உள்ள எறையூரில், செபமாலை மாதா கோயில் என்று பழைய பெரிய கோயில் உண்டு. ஊரில் வன்னியக் கிறிஸ்தவர் பெருந்தொகை, தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் சிறுதொகை. தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயிலில் தனி இடம். அவர்கள் வீட்டுப் பிணம் பெரிய தெரு வழியாய்ப் போகக்கூடாது. அவர்கள் தாங்களே சகாய மாதாவுக்கு ஒரு சிறு கோயில் கட்டிக்கொண்டு, எங்களைத் தனிப் பங்காக்கிவிடுங்கள் என்று கேட்டார்கள். சேர்ந்து உட்கார விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பிரிந்தாவது போக விடுங்கள் என்று கேட்கும் நிலைக்கு ஒரு ஜனத்தைக் கொண்டுவந்துவிட்டதே பெரிய பாவம். அதற்காக 2008 மார்ச்சில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச்சு 9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை மேல்சாதிக் கிறிஸ்தவர் கூட்டம் அவர்கள் வீடுகளில் புகுந்து அடித்து நொறுக்கிற்று. போலீசார் சுட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள்.

அந்த ஞாயிறு எது தெரியுமா? தபசு காலத்து ஐந்தாம் ஞாயிறு. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச்சு 23-ந் தேதி. குருத்தோலை ஞாயிறு வர ஒரே ஒரு வாரம் பாக்கி. நெற்றியில் சாம்பல் வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் தபசு செய்து பழகின கைகளே கல்லையும் தடியையும் எடுத்தன. செத்த இருவருக்காகவும் நாம் துக்கப்படுகிறோம். அவர்களும் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தானே. பக்கத்து வீட்டுக்காரன் பிணம் தன் தெருவில் போனால் தன் மானம் போய்விடும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இத்தனை வருஷம் தபசு காலப் பிரசங்கம் கேட்டும் அது பொய்யென்று ஏன் அவர்களுக்குத் தெரியாமற் போயிற்று?

பிரசங்கம் செய்கிறவர்கள் அறியாமலில்லை. 2003 நவம்பரில் இரண்டாம் அருள் சின்னப்பரே தமிழ்நாட்டு ஆயர்களை நேரில் வைத்துக்கொண்டு சாதி வித்தியாசத்தைக் கண்டித்துப் பேசினார். எறையூர் நடந்தது அதற்குப் பின். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, சபைக்குள்ளே தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தீண்டாமைக் கொடுமை நடப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நாம் பாராட்டுகிறோம். பாவசங்கீர்த்தனம் ஆயிற்று. அபராதம் எங்கே? சகேயு கணக்குச் சொன்னானே, அந்தக் கணக்கு எங்கே?

இதே ஆயர்கள் சர்க்காரைப் பார்த்து, 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவினால் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு அட்டவணைச் சாதிச் சலுகை மறுக்கப்படுகிறதே, சீக்கியருக்கு 1956-லும் பவுத்தருக்கு 1990-லும் கொடுத்ததை எங்கள் ஜனங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். முழுக்க நியாயமான கோரிக்கை. நாமும் கூடச் சேர்ந்து கேட்கிறோம். ஆனால் சர்க்கார் கதவைத் தட்டுகிற கை, தன் வீட்டுக் கல்லறைச் சுவரையும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனால் சத்தம் இன்னும் பலமாய்க் கேட்குமல்லவா?

இனி மனத்தாழ்மை என்ற விஷயம். பெரிய வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேர் பாதத்தைக் கழுவுவார். இங்கிலாந்து தேசத்து இராஜாக்களும் அந்நாளில் ஏழைகள் காலைக் கழுவினார்கள். பிறகு கால் கழுவுவது அருவருப்பாய்ப் போய்விட்டதோ என்னவோ, காசு கொடுப்பது மாத்திரம் நின்றது. இராஜாவுக்கு எத்தனை வயதோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் இன்றைக்கும் காசுப் பை கொடுக்கிறார்கள். இராஜா ஒருநாள் தாழ்ந்து காட்டினால் ஊரெல்லாம் அதைப் பேசும், ஏனெனில் மறுநாள் அவர் சிம்மாசனத்தில் இருப்பார். பறையனும் பள்ளனும் சக்கிலியனும் என்று ஊரார் இழிவாய்ப் பேர் வைத்து வருஷம் 365 நாளும் தாழ்த்தி வைத்திருக்கிறவனிடம் போய், "மகனே, மனத்தாழ்மை கொள்" என்று பிரசங்கம் செய்வதில் என்ன அர்த்தம்? கஞ்சிக்கில்லாதவனுக்கு ஒருசந்தி உபதேசம் செய்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். டீக்கடைக் கிழவருக்குத் தாழ்மை போதாமலா இருந்தது? அநியாயக் கணக்கை எதிர்த்துப் பேசின அந்த ஒரு வார்த்தைதான் அவர் ஆயுசில் செய்த சுயமரியாதையான காரியம். அதையே பாவமென்று சொல்ல வைத்து, இனிமேல் செய்ய மாட்டேன் என்று அவரிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்கள். நமக்கு வயிறெரிகிற இடம் இதுதான்.

இந்த விஷயத்தை நமக்குப் பழக்கமான ஒரு கிறிஸ்தவ உபாத்தியாயரிடம் சொன்னோம். யோக்கியமான மனிதர். சேரிப் பிள்ளைகளுக்கு இராத்திரிப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் சொல்லுவதில் பாதி நிஜம். ஆனால் முதலில் உள்ளம் மாற வேண்டும். உள்ளம் மாறினால் சுவர் தானே விழும். அதற்குத்தான் தபசு காலம்" என்றார். நாம் அவரை வடக்கன்குளத்துக்குக் கூப்பிட்டோம். உள்ளம் மாறின பிறகுதான் இடிக்க வேண்டும் என்று கௌசானல் காத்திருந்தால் அந்தத் தடுப்பு இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கும், அதன் இரண்டு பக்கத்திலும் மனந்திரும்புதலைப் பற்றி ஒரே பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்கள் ஊர்க் கல்லறையிலும் ஒரு வேலி இருக்கிறது. சுவரில்லை, முள்வேலிதான்" என்றார். நாம் கேட்காமல் அவராய்ச் சொன்னது அது.

அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர். ஆகவே அவருக்கும், அவர் போன்ற கிறிஸ்தவத் தோழர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வருகிற தபசு காலத்தில் உங்கள் ஊர்க் கோயிலிலோ கல்லறையிலோ ஒரு வேலி பிடுங்கப்பட்டது என்றாவது, ஒரு பிணம் பெரிய தெரு வழியாய்ப் போயிற்று என்றாவது, ஒரு பண்ணையில் கூடுதலாய் எழுதின இரண்டு மரக்கால் திரும்ப அளக்கப்பட்டது என்றாவது நமக்கு ஒரு கார்டு எழுதுங்கள். நம்மைத் திட்டி எழுதினாலும் சரிதான், அதையும் சேர்த்து முதல் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.